மூத்தாரின் வலது பக்கம்

என் மாமியார் வீட்டில் யாரும் பத்திரமாகப் போய் வருவதில்லை. முழுசாகப் போய் முழுசாக வருவார்கள். வெளியே கிளம்புகிறவரிடம் "பத்திரம்" என்று மருமகள்கள் வாயெடுத்தாலே மாமியார் முறைப்பார். காரணம் என் கணவரின் அண்ணன், என் மூத்தார். அவர் பெயர் அமான்தூர். அமான் என்றால் எங்கள் கிர்கிஸ் மொழியில் பத்திரம். அமான்தூர் என்றால் பத்திரமாக இரு. வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் கணவன் பெயரையோ அவனுக்கு மூத்த ஆண்களின் பெயரையோ சொல்லக் கூடாது, பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. இப்படி எழுதுவதற்குத் தடை இல்லை, நாக்குக்குத்தான் தடை.

நானோ தலாஸ் நகர ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். "பயப்படாதீங்க, பத்திரமா இருக்கீங்க, மூச்சை மெல்ல விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் என் பிழைப்பே. சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்போடு அந்தச் சொல்லையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். கடைசியில், அந்தச் சொல் யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அந்த நோயாளி என் மூத்தாராகவே அமைந்தார். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

அவர் கோக்-போரு ஆட்டக்காரர். ஓடுகிற குதிரையிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, தரையில் கிடக்கும் தலையில்லாத ஆட்டுடலை ஒரு கையால் அள்ளி, எதிரணியின் வட்டத் தொட்டிக்குள் கொண்டு போய்ப் போட வேண்டும். எடுக்க விடாமல் நான்கு குதிரைகள் வந்து மோதும். வலது பக்கம் சரிவதில் மூத்தாரை அடிக்க எங்கள் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது. முந்தின வருஷம் ஒரு ஆட்டத்தில் அப்படிச் சரிந்தபோது ஒரு குதிரை வந்து இடித்தது. விழுந்தார், காறை எலும்பு முறிந்தது. எலும்பு நன்றாகவே கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேணத்திலிருந்து வலது பக்கம் குனிந்தால், கை குதிரையின் வயிற்றைத் தாண்டுவதற்குள் கழுத்திலிருந்து நகக்கண் வரை நெருப்பு ஓடும். கை அப்படியே பூட்டிக்கொள்ளும். படுத்தால் வலி என்று மெத்தை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார்.

எங்கள் வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸ் பண்டிகை ஆட்டம் நெருங்கியது. அணி மேலாளர் கெரிம்குல் தோளை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு இறக்கிவிடலாம் என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. மரத்துப்போன கையோடு அந்தக் கும்பலுக்குள் ஒரு மனிதரை அனுப்பினால் அடுத்த முறை உடைவது காறை எலும்பாக இருக்காது, கழுத்தாக இருக்கும். ஒரு நாள் மூத்தார், கீழே விரித்த சாப்பாட்டுத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து, இந்த நவ்ரூஸில் இறங்க முடியாவிட்டால் தோருவைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிடுவதாகத் தரையைப் பார்த்துச் சொன்னார். தோரு அவருடைய குதிரை. குட்டியிலிருந்து அவர் கையால் வளர்ந்தது. அன்று போட்ட ரொட்டியை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை மாமியாரே என்னைக் கூப்பிட்டார்.

"ஊர் உலகத்து நரம்பையெல்லாம் அடக்குறியாம். என் பிள்ளைக்கு என்னன்னு பாரேன்."

நான் நடந்துகொண்டே யோசித்தேன். எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. டீயைக்கூட நின்றபடிதான் குடிப்பேன். என் கணவர் மாஸ்கோவில் லாரி ஓட்டப் போனதிலிருந்து இது இன்னும் அதிகம். மாமியார் சலித்துக்கொண்டார்: "தன் கால அடக்கத் தெரியல, இவ அடுத்தவன் நரம்ப அடக்கப் போறாளாம்."

உண்மையில் எனக்கு ஒரு விஷயம் ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது. அலமாரி உச்சியிலிருந்த மாவு டப்பாவை ஒரு நாள் மூத்தார் வலது கையால் எட்டி எடுத்ததைப் பார்த்திருந்தேன். முகத்தில் சுளிப்பே இல்லை. தோள் கெட்டிருந்தால் அந்தக் கை அவ்வளவு உயரம் போகாது. அப்படியானால் கெட்டது தோள் இல்லை. நோயாளிகளிடம் நான் எப்போதும் சொல்வதை மாமியாரிடமும் சொன்னேன்: உடம்புக்குள் ஒரு காவல் நாய் இருக்கிறது, திருடன் எப்போதோ போய்விட்டான், நாய் மட்டும் இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறது, வலி என்பது அந்தக் குரைப்புதான். மாமியார் கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டே, "அப்போ அதுக்கு ஒரு எலும்பைப் போடு" என்றார்.

போடலாம். ஆனால் மூத்தாரை நான் தொடக் கூடாது. நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசவும் கூடாது. பக்கத்து வீடுகளில் இதெல்லாம் எப்போதோ தளர்ந்துவிட்டது, எங்கள் மாமியார் வீட்டில் தளரவில்லை. ஆகவே சிகிச்சை மூன்று பேர் சிகிச்சையானது. முற்றத்தில் ஒரு பீப்பாயைப் படுக்கப் போட்டு, அதன் மேல் சேணத்தைக் கட்டி மூத்தாரை ஏற்றினோம். அவர் மனைவி சோனுன் அக்கா பக்கத்தில் நின்றாள். நான் வேலியைப் பார்த்தபடி, "அக்கா, அவங்களை முனகிக்கிட்டே மூச்சை நீளமா விடச் சொல்லுங்க" என்பேன். அக்கா அவரிடம், "பெர்மெத் அப்பா, முனகணுமாம்" என்பாள். பெர்மெத் அவர்களுடைய மகள். "மாடு மாதிரியா, குதிரை மாதிரியான்னு கேளு" என்பார் அவர். நான் வேலியிடம் பதில் சொல்வேன்.

வேடிக்கையாக இருந்தாலும் பலித்தது. வெறுங்காலைக் கம்பளத்தில் தேய்த்துவிட்டு ஏறினால் உடம்பு தளர்ந்தது. அக்காவின் கட்டைவிரல் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினால் கழுத்து இளகியது. முனகிக்கொண்டே மூச்சு விட்டால் கை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. டிராக்டர் போனது, நாய்கள் சண்டை போட்டன, பக்கத்து வீட்டில் தகரக் கூரையைத் தட்டினார்கள். கை நிற்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் அந்த நாள் வந்தது. மூத்தார் பாதி சரிந்திருந்தார். கொட்டகைப் பக்கம் போன அக்காவின் காலைக் கன்றுக்குட்டி மிதித்துவிட்டது. அக்கா வீறிட்டுக் கத்தினாள். அவ்வளவுதான். மூத்தார் சுடுதண்ணீர் பட்டவர் போல எழுந்து நிமிர்ந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் வரை அது இறங்கவில்லை, டீக் கிண்ணத்தை இடது கையால் எடுத்தார்.

பண்டிகைக்கு ஒரு வாரம்கூட இல்லை. இத்தனை சத்தத்துக்கு அசையாத உடம்பு ஒரு பெண் குரலுக்கு மட்டும் ஏன் பூட்டிக்கொள்கிறது? அக்கா பால் கறக்கப் போனபோது பின்னாலேயே போனேன். அங்கேயும் நடந்துகொண்டே கேட்டேன், அவர் விழுந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று.

அக்கா மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேலியோரம்தான் நின்னேன். அந்தக் கறுப்புக் குதிரை வர்றதப் பார்த்தேன். பெர்மெத் அப்பான்னு கூப்பிட எங்க நேரம்? பேரைச் சொல்லிட்டேன், ஜூரா. கத்திச் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"வாழ்க்கையில முத தடவையா என் வாயால அவர் பேரு. அந்தாளு திகைச்சுப்போயி என்னைத் திரும்பிப் பார்த்தாரு. பார்த்த நொடியில இடிச்சிருச்சு." அவள் தோள் குலுங்கியது. "நான் வாயத் திறக்காம இருந்திருந்தா திரும்பியிருக்க மாட்டாரு. பேரைச் சொன்ன பாவம்னுதான் அத்தை இன்னிக்கும் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இந்த வீட்டுச் சட்டத்தையெல்லாம் அள்ளி அடுப்பில் போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கொட்டகைக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றி வந்தேன். இப்போது எல்லாம் துலங்கிவிட்டது. வலப்பக்கச் சரிவு, மனைவியின் அலறல், இடி. மூன்றையும் அந்த உடம்பு ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறது. சரியும்போதெல்லாம் அது அந்தக் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. வேறு குரலால் அந்த முடிச்சு அவிழாது. அதே வாய் அதே பெயரை, டீக்குக் கூப்பிடுவது போலச் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். சொல்லி எதுவும் ஆகவில்லை என்று உடம்பு பார்க்க வேண்டும்.

"அக்கா, நீங்கதான் அவங்க பேரைச் சொல்லணும்."

"செத்தாலும் மாட்டேன்."

"தோருவைக் கொடுத்துடட்டுமா அப்போ?"

அக்கா கறந்த பாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் விடிந்ததும் கொட்டகையிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாட்டைப் பார்த்து "அமான்தூர், அமான்தூர்" என்று பழகிக்கொண்டிருந்தாள். மாடு கண்டுகொள்ளவில்லை.

அன்று பீப்பாய் மேல் மூத்தார் சரிந்தபோது அவருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். இருந்தாலும் அக்கா முதல் தடவை சொன்னதும் அவர் தோள் காது வரை ஏறியது. வாசல்படியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் எழுந்து உள்ளே போய்க் கதவைப் படாரென்று அடைத்தார். நான் வேலியிடம், முனகச் சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள் என்றேன். மறுபடி சொன்னாள். குரல் உடைந்தது. மறுபடி. மதியம்வரை இதே வேலை. கதவு திறக்கவே இல்லை. பண்டிகை வந்துவிடும், ஊசி வந்துவிடும், இவர்கள் இப்படியே நிற்பார்கள் என்று தோன்றியது.

அடுத்த நாளும் அதேதான். அக்காவுக்கே அலுத்துப்போனது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, உண்மையான எரிச்சலோடு சொன்னாள்:

"அமான்தூர், டீ ஆறுது."

"என்ன?" என்றார் மூத்தார், சரிந்தபடியே.

அவர் "என்ன" என்றது அக்காவுக்குச் சிரிப்பை மூட்டிவிட்டது. கூப்பிட்டால் என்ன என்று கேட்கிற சாதாரணப் புருஷனாக அப்போதுதான் அவர் பதில் சொன்னார். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவரின் வலது கையைப் பார்த்தேன். விரல்கள் தரையில் கிடந்த வைக்கோலைக் கிள்ளிக்கொண்டிருந்தன. அது அவருக்கே தெரியவில்லை.

நவ்ரூஸ் அன்று மைதானம் முழுக்கப் புழுதியும் கூச்சலும். கெரிம்குல் ஊசியோடு வந்தான். மூத்தார் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தோருவின் மேல் ஏறினார். விழுந்த நாளிலிருந்து மைதானத்துப் பக்கமே போகாத அக்கா அன்று வேலியோரம் நின்றாள். பக்கத்தில் மாமியார், இரண்டு நாளாக எங்கள் இருவரோடும் பேச்சில்லாமல். நான் வேலியோரம் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். என்னால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆட்டுடல் மைதான நடுவில் விழுந்தது. தோரு பாய்ந்தது. மூத்தார் வலது பக்கம் சரிந்தார். பாதியில் நின்றார். எனக்குத் தெரியும் அந்த இடம், குதிரையின் வயிற்றருகே. தோருவுக்கும் தெரிந்துவிட்டது, அதன் காது பின்னால் மடங்கியது, ஓட்டம் தடுமாறியது. எதிரணியின் இரண்டு குதிரைகள் திரும்பி வந்தன. அக்கா வேலிக் கம்பைப் பிடித்தாள். கத்தப் போகிறாள், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவள் கத்தவில்லை. "அமான்தூர், டீ ஆறுது. அமான்தூர், டீ ஆறுது" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. மைதான நடுவில் இருந்தவருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் அவர் தோள் கீழே இறங்கியது. மூச்சு விடுகிறார் என்று அந்தத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. கை தரையைத் தொட்டது. தூக்கிவிட்டார்.

ஆட்டத்தில் தோற்றோம். எதிரணி எங்களைவிடத் திறமாக ஆடியது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. தோரு வீட்டுக்கே திரும்பி வந்தது, எங்கள் கொட்டகையிலேயே கட்டப்பட்டது.

சாப்பிட்டுவிட்டு மூத்தார் உள்ளே போனவர் வெளியே வரவில்லை. டீ ஊற்றியாயிற்று. அக்கா முற்றத்திலிருந்து, பழக்க தோஷத்தில், தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்: "அமான்தூர்! டீ!"

முற்றத்தில் எல்லாரும் அப்படியே நின்றோம். மாமியார் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து சத்தம் இல்லை. அக்கா பயந்துபோய்க் கதவைத் திறந்தாள். மூத்தார் தரை மெத்தையில் நீட்டிப் படுத்திருந்தார். வலது பக்கம் ஒருக்களித்து, அந்தத் தோள் மேலேயே முழு பாரத்தையும் போட்டு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். மாமியாரும் எழுந்து வந்து மகனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, மறுபடி வாசல்படியில் வந்து உட்கார்ந்தார்.

"அவன் பேரைச் சொல்லு, வேணாங்கல. கொஞ்சம் மெதுவாச் சொல்லு. பிள்ளை தூங்குறான்."

அக்கா ஆறிப்போன டீயை என் கையில் கொடுத்தாள். நான் வாசல்படியில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன்.