அன்னக்கூடைத் தண்ணீர்

2024 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, தை அமாவாசை. பழவேற்காடு முகத்துவாரத்தில் நாஷ்டா நேரத்துக்குள் தண்ணீர் இறங்கி, தெற்குப் பக்க மணல்திட்டு வெளியே வந்திருந்தது.

ஆரோக்கியமேரி ஈர மணலில் இருந்த சிறு துளையைக் கால் விரலால் காட்டினாள். நர்மதா குனிந்து அதில் ஒரு சிட்டிகைத் தூளுப்பைப் போட்டாள். மணல் விம்மியது. மடித்த சவரக்கத்தி போல நீளமான ஓடு ஒன்று மெல்லத் தலை நீட்ட, மேரி அதைப் பிடித்தாள், இழுக்கவில்லை. இந்த மட்டியைப் பிடித்ததும் இழுத்தால் சதைக்கால் அறுந்து மணலுக்குள்ளேயே நின்றுவிடும். பிடித்தவள் பிடித்தபடி இருக்க, மற்றவள் கொட்டாங்குச்சியால் சுற்றிலும் மணலைத் தோண்டித் தளர்த்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதுவே களைத்து விட்டுக்கொடுக்கும். இது இரண்டு பேர் வேலை. இவர்கள் இருவரும் கல்யாணமாகி ஒரே தெருவுக்கு வந்த நாளிலிருந்து ஜோடியாகத்தான் மட்டி எடுக்கிறார்கள்.

"அந்தக் கொரியாக்காரன் இதுல இன்னாத்தக்கா கண்டான்? ஊர்ல எறாலு இல்லாமயா பூட்ச்சு?"

"அவன் இன்னாத்தயோ கண்டுட்டுப் போறான். நீ உப்பப் போடுடி. வாயப் போடாத."

எப்போதும் சிரிக்கிற நர்மதா அன்று சிரிக்கவில்லை. மேரி அதைக் கவனித்தாள். வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரில் யாரும் இந்த நீள மட்டியைச் சட்டியில் ஏற்றியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கொரியாக்காரர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்யும் பார்த்திபன், ஐஸ் பெட்டி கட்டிய பைக்கில் வந்து கேட்ட பிறகுதான் அதற்கு மதிப்பு வந்தது. வாரா வாரம் சனிக்கிழமை வருவான். போன வாரம் அவன் முகம் சரியில்லை. பெரிய அதிகாரி ஒருவரின் பல்லில் மணல் கடிபட்டு, தட்டை அப்படியே தள்ளிவிட்டாராம். நர்மதா உள்ளே போனதும் மேரியைப் பைக் அருகே கூப்பிட்டான். "ரெண்டு பேரு சரக்கு இனிமே தாங்காதுக்கா. உன் சரக்கு சுத்தம். நீ மட்டும் குடு." மேரி யோசிக்கக்கூட இல்லை. "எடுத்தா ரெண்டு பேராண்டயும் எடு. இல்லாங்காட்டி வாணாம்." அவன் தலையைச் சொறிந்தான். வர்ற வாரம் ரெண்டையும் பார்த்துச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனான். மேரி இதை நர்மதாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் மனசு சுருங்கும். இந்த வாரம் இரண்டு பேர் சரக்கும் சுத்தமாக இருந்துவிட்டால் பேச்சே முடிந்துவிடும்.

எடுத்த மட்டியை முகத்துவாரத்து உப்புத் தண்ணீரில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். அது மூச்சுவிட்டு மூச்சுவிட்டு உள்ளே இருக்கும் மணலைக் கக்கும். பொழுது சாய்ந்ததும் ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். இரண்டு வீட்டு அலுமினிய அன்னக்கூடைகளும் நடுவிலிருக்கும் பூவரச மரத்தடியில்தான் இருக்கும்; யாருக்குக் கை ஒழிகிறதோ அவள் இரண்டுக்கும் மாற்றுவாள். அன்று மேரி தன் மகள் ஜெனிபரைப் பொன்னேரியில் ரயிலேற்ற வேண்டியிருந்தது.

"நான் மாத்திடறேன், நீ போய்ட்டு வாக்கா" என்றாள் நர்மதா.

சனிக்கிழமை காலை பார்த்திபன் வந்து முதலில் நர்மதாவின் சாக்கைத் தூக்கினான். விரல் பட்டதும் மட்டிகள் கால்களை உள்ளிழுத்துத் தண்ணீரைப் பீய்ச்சின. அவன் சட்டை நனைந்தது. "ஆஹா, உசுரு இருக்குது" என்று சிரித்தான். மேரியின் சாக்கைத் தூக்கினான். ஓடுகள் வாய் பிளந்திருந்தன. சதை தளர்ந்து வெளியே தொங்கியது.

"இன்னாக்கா இது?"

மேரி ஒன்றை எடுத்து பிளேடால் சதையைக் கீறி, கறுப்பு வயிற்றை வழித்தெறிந்து, அலசி நீட்டினாள். அவன் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தான். நறநறவென்ற சத்தம் அவளுக்கும் கேட்டது. நர்மதாவின் சரக்கை ஐஸ் பெட்டியில் அடுக்கினான். "இனிமே இங்க மட்டும்தான்" என்று நர்மதாவின் அன்னக்கூடையைக் காட்டி, மேரியின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தான்.

அவன் போன பிறகு மேரி அன்னக்கூடையில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை. எழுந்து வீட்டுப் பின்பக்கம் போனாள். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பிடித்து வைத்த இரண்டு குடங்களில் ஒன்று காலி. அவள் சரக்கைச் சாகடிக்க அவள் குடிக்கிற தண்ணீரே. பிறந்ததிலிருந்து இந்த ஏரியில் நனைந்த நர்மதாவின் கைகளுக்கு எது உப்பு, எது நல்ல தண்ணீர் என்று தெரியாமல் போகுமா?

திரும்பி வந்தபோது நர்மதா தன் அன்னக்கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஏன்டி?"

நர்மதா நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே பேசினாள்.

"போன வாரம் என்னை உள்ள அனுப்பிட்டு அவங்கூட தனியா பேசிக்கினு இருந்தியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? 'நீ மட்டும் குடு'ன்னான். ஜன்னலாண்ட காதுல வுழுந்துச்சு. அதுக்கு மேல நிக்காம வந்துட்டேன்."

"அதுக்கு நான் இன்னா சொன்னேன்னு வுழுந்துச்சா?"

தேங்காய் நார் அப்படியே நின்றது. நர்மதா தலை தூக்கினாள். மேரியின் உதடு வரை வார்த்தை வந்தது. சொன்னால் இவள் அழுவாள்; காலைப் பிடிப்பாள்; அப்புறம் தான்தான் இவளைத் தேற்ற வேண்டியிருக்கும்.

"இன்னா சொன்ன? சொல்லுக்கா."

மேரி அன்னக்கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக் கரைக்குப் போய்க் கவிழ்த்தாள். நாரைகள் கூட உடனே வரவில்லை.

பௌர்ணமியை ஒட்டித் திட்டு மறுபடி அகலமாக வெளியே வந்தது. நர்மதா தன் கொழுந்தன் பெண்டாட்டி பூமிகாவைக் கூட்டிக்கொண்டு தெற்கே இறங்கினாள். மேரி வடக்கு ஓரத்தில் தனியாக உப்புப் போட்டு, ஒரு கையால் பிடித்து, மறு கையால் தோண்டினாள். அவள் எடுத்ததில் பாதிக்குக் கால் இல்லை. அந்தச் சனிக்கிழமை பார்த்திபன் வந்து நர்மதாவின் சரக்கை ஏற்றிக்கொண்டு போனான்.