தங்கை வீட்டில் முளைத்த அறை

தங்கையின் வீட்டில் யாரும் கட்டாத அறை ஒன்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குள் முளைத்திருந்தது. ஆறடி நீளம், நாலடி அகலம், பெயர்ந்த சுண்ணாம்பு, ஒற்றை பல்பு, ஒரு கால் குட்டையான ஸ்டூல். கூடத்திலிருந்து அதற்குள் போகக் கனத்த மரக்கதவும் இரும்புத் தாழ்ப்பாளும் இருந்தன. வெளியே சுற்றிவந்து பார்த்தால் வீட்டுச் சுவர் பழையபடியே நின்றது, ஒரு செங்கல்கூடத் துருத்தவில்லை. செய்தி கேட்டதும் அக்கா ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்வது அவள் தொழில். எந்நேரமும் டேப்பும் கையுமாக அலைவதால் கொத்தனார்களும் தச்சர்களும் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அறையைக் கண்டு அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எட்டுக் கடை ஏறி இறங்கி அவள் பொறுக்கிப் பூசவைத்த வெளிர்நீலச் சுவரின் நட்டநடுவில் அந்தக் கதவு வந்து நின்றிருந்தது.

நாலு மாதத்துக்கு முன்புதான் அந்த வீட்டை அவள் தலைகீழாக மாற்றியிருந்தாள். தங்கைக்கு மின்சார அலுவலகத்தில் புகார் பிரிவில் வேலை. காலையிலிருந்து மாலை வரை போனில் ஊரார் திட்டுவதைக் கேட்டுவிட்டு, தொங்கிய முகத்தோடு வீடு திரும்புவாள். வீட்டில் பஸ் ஓட்டும் புருஷன், வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட மாமனார். இதையெல்லாம் வீடே சரிசெய்துவிடும் என்று அளவுக்காரி நம்பினாள். மனசு லேசாகிற வீடு என்று அதற்குப் பெயரும் வைத்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தாள். சாமான் அறையை அடியோடு எடுத்தாள். மஞ்சள் வெளிச்சம், மூலைக்கு ஒரு செடி, ஜன்னலோரம் மெத்தை போட்ட இருக்கை எல்லாம் வந்தன. அலமாரிக் கதவுகளை எவ்வளவு ஓங்கி அறைந்தாலும் அவை பூனை நடையில் போய்த்தான் மூடிக்கொள்ளும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். தங்கையும் "நல்லாருக்குக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேச்சு நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் "ம்" மட்டும் மிஞ்சியது. அந்த "ம்"மும் நின்றுபோன மறுநாள்தான் அறை முளைத்தது.

அளவுக்காரி முதலில் கொத்தனாரைச் சந்தேகப்பட்டாள். அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பிறகு அவரை வைத்தே கதவைச் செங்கல்லால் அடைத்துப் பூசினாள். மறுநாள் அதே கதவு சமையலறைப் பக்கம் இருந்தது. அங்கேயும் அடைத்தாள், படுக்கையறைக்குப் போனது. புத்தக அலமாரியைக் குறுக்கே நிறுத்திப் பார்த்தாள். அலமாரி ஓரமாக நகர்ந்து நின்றது, ஒரு புத்தகம்கூடக் கலையவில்லை. நகராட்சிப் பொறியாளர் வந்து உள்ளும் புறமும் மூன்று தடவை அளந்தார், அளவில் பிழை இல்லை என்று எழுதினார், கொஞ்சம் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டார். கால் மணி கழித்து வெளியே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். இப்படியே மூன்று வருஷம் போனது. அளவுக்காரி பதினோரு தடவை அடைத்தாள், அறை பன்னிரண்டு தடவை வந்தது. இதற்கிடையில் வீட்டில் இருந்தவர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே போடும் கூச்சல் வெளியே துளியும் கேட்காது. புருஷன் வேலை முடிந்து வந்ததும் உள்ளே போய், ரோட்டில் குறுக்கே வந்த பைக்காரர்களை எல்லாம் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு வருவான். மாமனார் தன் இடது காலை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, சிரித்த முகமாக நொண்டி நொண்டி வருவார். தங்கை இருபது நிமிஷம் இருப்பாள். வெளியே வந்ததும் கத்தரிக்காய் முற்றல் என்று ஏதாவது பேசுவாள். ஜன்னலோர இருக்கையில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருந்தது.

பன்னிரண்டாவது தடவை அளவுக்காரி கொத்தனாரோடு வந்தபோது தங்கை கதவை மறித்து நின்றாள்.

"போதும்க்கா. இதுல கை வெச்சே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"உன் நிம்மதிக்குத்தானேடி இவ்வளவும் பண்ணேன்! தாய்க்குத் தாயா பாத்துப் பாத்துச் செஞ்சதுக்கு இந்தப் பொந்துதான் உனக்குப் பெருசாப் போச்சா?"

"நாள் பூரா கத்தறவங்ககிட்ட சரிங்க சார், சரிங்க சார்னு சொல்றேன். வீட்டுக்கு வந்தா நான் மூக்கைச் சிந்தினாக்கூட வாசல்ல இருக்கறவருக்குக் கேக்குது. பாத்ரூம்ல பத்து நிமிஷம் இருந்தா மாமா கதவைத் தட்டறாரு. நான் எங்க போய்க் கத்தறது?"

"வாயத் திறந்து சொல்லிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா? எந்த டைல்ஸ் வேணும்னு கேட்டே. எந்தக் கலர்னு கேட்டே. உனக்கு என்னடி ஆச்சுன்னு ஒரு நாள் கேட்டியா?"

கொத்தனார் கரணையைப் பைக்குள் போட்டுக்கொண்டு செடியைப் பார்த்தபடி நின்றார். அளவுக்காரிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அதை இறக்கி வைக்க அந்த அழகான வீட்டில் அவளுக்கும் இடம் இல்லை. தங்கையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள். அந்தச் சத்தத்தில் தெருக்கோடி வரை ஜன்னல்கள் அதிர்ந்தன. உள்ளே அவள் முதலில் அந்த அறையைத்தான் திட்டினாள். அப்புறம் சுவர் காய்ந்த பிறகு கலரை மாற்றச் சொல்லும் வாடிக்கையாளர்களை. அப்புறம் தனக்கு ஒன்பது வயதானபோது தங்கையைக் கையில் பிடித்துக் கொடுத்து, "இவ அழாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போன அம்மாவை. அன்றைக்கிலிருந்து தங்கை அழுதால் அது தன் குற்றம் என்றே அவள் நினைத்து வந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதுவிட்டாள். முப்பது வருஷமாகத் தான் அழவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் வெளியே வந்ததும் தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். மாமனார் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "முடிஞ்சுதாம்மா? நான் போகணும்."

அதன் பிறகு அளவுக்காரி அலங்கரித்த வீடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அறைகள் முளைத்தன. வாடிக்கையாளர்கள் பதறிப்போய் போன் செய்வார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எடுத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். எல்லாரிடமும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"தாழ்ப்பாள் சரியா விழுதாங்க?"