கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

மாடிப்படியில் பாதி ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கீழே வாசலில் நின்ற வீட்டுக்காரர், "முதுகுல தடிப்பு ஆறிடுச்சாம்மா?" என்று அக்கறையாகக் கேட்டிருந்தார். அவளும் "ஆறிடுச்சு சார்" என்று சிரித்துவிட்டு வந்திருந்தாள். அந்தத் தடிப்பை அவள் யாரிடமும் காட்டியதில்லை. தனியாகக் குடியிருக்கும் அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து மருந்து தடவியதோடு சரி.

அறைக்குள் போகப் பிடிக்காமல் படியிலேயே நின்று அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் போட்டது போட்டபடி கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தாள்.

"ஜன்னலைச் சாத்து. திரையையும் இழுத்து விடு," என்றாள் உள்ளே வந்ததும். பட்டப்பகலில் அறை இருண்டது.

"இருட்டுல என்னக்கா தெரியும்?"

"இருட்டினாதான் தெரியும். ஒளிச்சு வைக்கிற கேமரா இருட்டுல தானே ஒரு விளக்கைப் போட்டுக்கும். அந்த வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது. போனோட முன்பக்கக் கேமராவுக்குத் தெரியும்."

போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, செல்ஃபி எடுப்பதுபோல் பிடித்து, முதுகுக்குப் பின்னால் இருந்த அறை திரையில் தெரியும்படி மெல்லத் திருப்பினாள். கட்டில், அலமாரி, துணிக்கொடி எல்லாம் திரையில் வெறும் கருநிழல். கட்டிலுக்கு எதிரே இருந்த மேசைக் கடிகாரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவள் குடிவந்த அன்று வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்த கடிகாரம். போன் திரையில், அதன் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், ஊதாப் புள்ளிகள் வட்டமாக எரிந்தன. தங்கை திரும்பிக் கடிகாரத்தை நேராகப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை.

"அக்கா, இதுல சத்தமும் கேட்குமா?"

அக்கா சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். இதுவரை பேசியதெல்லாம் கீழே போய்ச் சேர்ந்திருக்கும்.

படியில் செருப்புச் சத்தம். வேகமாக ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்றது.

"அந்தக் கடிகாரம் ரிப்பேரும்மா. குடுங்க, வேற மாத்தித் தர்றேன்."

தங்கை தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. வெளியிலிருந்து ஒரு தள்ளு. பிறகு இன்னொன்று.

"கதவைத் திறடி!"

'அம்மா' போய் 'டி' வந்துவிட்டது. அக்கா காவல் நிலையத்துக்குப் போன் போட்டு, வெளியே இருப்பவர் காதில் விழும்படி முகவரியைக் கத்திச் சொன்னாள். ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தும் கத்தினாள். ஆட்கள் அண்ணாந்து பார்த்தார்கள். செருப்புச் சத்தம் தடதடவென்று கீழே ஓடியது.

போலீஸ் வந்தபோது வீட்டுக்காரர் கீழே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். மிச்சம் நிறைய இருந்தது. முன்பு குடியிருந்த பெண்ணும் அதில் இருந்தாள்.

"ஒரு துண்டு மட்டும் பாருங்க. நீங்கதானான்னு சொன்னா போதும்," என்றார் பெண் ஆய்வாளர்.

படத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு விடும் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது.

"நான்தான்," என்றாள்.

வீட்டுக்காரரைச் சிறையில் அடைத்தார்கள். அவள் அக்கா வீட்டுக்கே குடிபோனாள். அங்கேயும் வெகுநாள்வரை, குளியலறையில் உடுத்திய துணியோடுதான் குளித்தாள்.