ஒன்பது பேரின் தொண்ணூற்றொன்பது நாள்கள்

வேலைநிறுத்தத்தில் இழந்த நாள்கள் புள்ளியியல் அலுவலகத்துக்கு நடந்தே வந்து சேரும். ஒப்பீட்டுப் பிரிவின் மூத்த அலுவலர் அவற்றை எண்ணி, நாடுவாரியாக இழுப்பறைகளில் இட்டுப் பூட்டுவார். பக்கத்து நாட்டின் இழுப்பறையைத் திறந்தால் துறைமுகத்து மழைச்சாரல் தெறிக்கும் என்பதால் அந்த அம்மாள் மேசையருகே குடை வைத்திருந்தார். ஆயிரம் தொழிலாளருக்கு மிகக் குறைந்த நாள்களை இழந்த நாடு என்று, பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய நாடே அட்டவணையின் தலையில் நின்றது.

இருபதாம் ஆண்டில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருடைய தங்கை உட்பட ஒன்பது பெண்கள், கொதிநீரில் கை வெந்தது போதும், கையுறை தந்தால்தான் வேலை என்று பதினொரு நாள் வெளியே நின்றார்கள். கையுறை கிடைத்தது. சோப்பு மணத்துடன் தொண்ணூற்றொன்பது நாள்களும் அலுவலகத்துக்கு வந்தன. பத்துப் பேருக்குக் குறைந்த நிறுத்தம் கணக்கில் சேராது என்பது விதி. ஆகவே இழுப்பறை திறக்கவில்லை. போக்கிடமற்ற நாள்கள் மாடிப்படியில் வரிசையாக அமர்ந்தன. ஊழியர்கள் அவற்றின் வெயிலில் கண் கூச ஏறி இறங்கினார்கள்.

“பத்தாவது ஆளா நீ வந்து நின்னிருக்கலாமேக்கா,” என்றாள் தங்கை, சாப்பிடும்போது. “உன் விதியும் பொழச்சிருக்கும்.”

மறுநாள் அக்கா ஒவ்வொரு நாட்டின் விதியையும் எடுத்து வரிவரியாகப் படித்தார். ஐந்தாம் இடத்து நாடு, ஒரே ஒருவர் வேலையை நிறுத்தினாலும் எண்ணியிருந்தது. ஆளுக்கொரு முழக்கோலால் அளந்துவிட்டு அதற்கு ஒப்பீடு என்று தாம் பெயரிட்டிருந்தது அவருக்கு உறைத்தது.

“நாளைக்கு அச்சுக்குப் போகணும். இதையெல்லாம் சேத்தா முதலிடம் போயிடும்மா,” என்றார் இயக்குநர்.

“போகட்டும் சார். அவங்களுக்கு ஒரு அளவு, நமக்கு ஒரு அளவுன்னு வாங்கின இடம்தானே.”

அக்கா தம் நாட்டின் இழுப்பறையைத் திறந்தே வைத்தார். படியிலிருந்தவை உள்ளே போயின. அவற்றின் பின்னால், நான்கு பேர் ரொட்டிக்கடையினுடையவை, ஆறு பேர் தையற்கடையினுடையவை என்று, சந்துகளில் ஒதுங்கியிருந்த அவ்வாண்டின் நாள்களெல்லாம் மாலைவரை வந்துகொண்டிருந்தன. நாடு ஆறாம் இடத்துக்கு இறங்கியது. படி காலியானதே போதுமென்று இயக்குநர் கையொப்பமிட்டார்.

அந்த அறிக்கையின் பிரதி ஒன்று சலவைக்கூடத்தில் இருக்கிறது. மழைக்காலங்களில் அந்தத் தொண்ணூற்றொன்பது நாள்கள் அச்சான நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்துவைத்து, எதிரே துணிக்கொடி கட்டுகிறார்கள். மணிக்கு இருபது படுக்கைவிரிப்புகள் உலர்கின்றன.