பசைக்கு அடியில் துரு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. போர் முடிந்த அடுத்த வருடம், பழைய கத்திகளில் அசல் எது, போலி எது என்று கண்டுபிடிப்பது பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள். ஏறாவூரில் பழஞ்சாமான் கடை வைத்திருந்த ஆதம்பாவாவிடம் போனேன். அங்கே வந்த ஒரு பெண்ணால் கட்டுரை கெட்டது. முதலில் அவள்மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

2

முதல் தொடக்கம்: 'வாவியின் மேல் மாலை வெயில் பொன்னாக...' [அடித்துவிட்டேன். கத்திக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?]

இரண்டாம் தொடக்கம், ஆதம்பாவா சொன்னபடி: போர் ஓய்ந்து பாதை திறந்ததும் பாசிக்குடாக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர் வந்தார்கள், பழைய கத்திகளுக்கு ஆசைப்பட்டார்கள். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? புதுக் கத்தியைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, சேற்றில் புதைத்து, ஒரே மாதத்தில் நூறு வயதாக்கினார்கள். அந்தத் துரு மேலோடு நிற்கும், தேய்த்தால் போய்விடும். உண்மைத் துரு இரும்பைக் குழி குழியாகத் தின்றிருக்கும். பழைய பிடியை அரக்கு வைத்து இறுக்கியிருப்பார்கள். சுட்ட ஊசி பட்டால் அரக்கு உருகும். போலியில் படகு ஒட்டும் பசை கருகி நாறும்.

(கட்டுரை இவ்வளவுதான். மிச்சம் சுலோஜனாவின் பாடு.)

3

சுலோஜனா (பெயர் நான் வைத்தது) பனிச்சங்கேணியிலிருந்து பஸ் ஏறி வந்தவள். துணிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கத்தியை மேசையில் வைத்தாள். எருமைக்கொம்புப் பிடி, நடுவில் வெடித்து ஒட்டியிருந்தது. ஆதம்பாவா ஊசியைச் சுட்டு வெடிப்பில் வைத்து முகர்ந்து பார்த்தார்.

"புளித்தண்ணிக்க எத்தின நாள் போட்டீங்க தங்கச்சி? பசை புதுசா இரிக்கி."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விக்க வரல்ல காக்கா. இது எங்கட அவருட கத்தி. மாமாட கையில இருந்து வந்தது. சுனாமியண்டு காலையில இடுப்பில செருகிட்டுக் கடலுக்குப் போனவர். அதுக்குப் பிறகு ஆளுமில்ல, கத்தியுமில்ல. போன கிழமைதான் வாவிக்குள்ள வலை வீசின ஒராள் எடுத்துத் தந்தார். அவர் போன அண்டைக்குப் பிடி வெடிச்சிருந்தது, ஒட்டல்ல. எனக்கு நல்லாத் தெரியும்."

ஆதம்பாவாவின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. பூதக்கண்ணாடியை எடுத்து, பசையின் ஓரத்தைச் சுரண்டினார். அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பசைக்குக் கீழ துரு. துருக்குழிக்கு மேல தீட்டின தடம். அதுக்கும் மேல சேறு," என்றார் மெல்ல. "இது ரெண்டு தரம் தண்ணிக்க கிடந்திரிக்கி. நடுவில ஒராள் எடுத்து, ஒட்டி, தீட்டிப் பாவிச்சிரிக்கார்."

"அவரா?"

ஆதம்பாவா கத்திக்கு வயது சொல்வார். அதைப் பிடித்த கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

"வருசா வருசம் திவசம் குடுக்கிறன் காக்கா. வாற கிழமை திரும்பவும் வருது. குடுக்கிறதா, தேடுறதா? அத மட்டும் சொல்லுங்க."

4

[அவள் புருஷன் உயிரோடிருந்தால் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நீங்கள் என்னை மடக்கலாம். நானே அவளிடம் கேட்டேன். "விட்டிருந்தா வந்திருப்பார்," என்றாள். யார் விடவில்லை என்று அவள் சொல்லவில்லை. ஆட்களைப் பிடித்துப்போனது யார் என்று எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் வாய்விட்டுக் கேட்பதுமில்லை.]

முடிவு ஒன்று. ஆதம்பாவா சொல்கிறார்: "ஆரோ கரையில கண்டெடுத்து ஒட்டியிருப்பாங்க தங்கச்சி. திவசத்தக் குடுங்க." அவள் அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு போகிறாள். எழுதி முடித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது.

முடிவு இரண்டு. "தேடுங்க," என்கிறார். அவள் புருஷனின் படத்தைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக... [இதற்குமேல் எழுத முடியவில்லை. அப்படி வரிசையில் நின்ற பெண்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.]

5

நடந்தது இரண்டுமில்லை. ஆதம்பாவா கத்தியை என் பக்கம் தள்ளிவைத்தார்.  நான் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஆகவே உங்கள் பக்கம் தள்ளுகிறேன். அவள் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஊர் வழியாக வாகரைக்குப் போகும் பஸ் இன்னும் வரவில்லை, யோசிக்க நேரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அவள் நம்பிவிடுவாள்.