இடது திருப்பத்தில் வரும் சத்தம்

சந்தோஷ் சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்பியபோது அகல்யா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். பம்பரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள்.

“அண்ணி, தள்ளுங்க அண்ணி.”

“எறங்கு.”

“ஆம்புலன்ஸ் உள்ள வரணும்ல. வண்டி நின்னுகினு இருந்தா தெருவுல எடமே இல்ல. எடுத்துட சொன்னாரு சம்பத் அண்ணன்.”

“எடுத்து எங்க உட சொன்னாரு?”

சந்தோஷ் சம்பத்தின் இன்னொரு வண்டியை ஓட்டுகிறவன். பொய் சொல்ல வராது. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, “பூந்தமல்லிக்கு,” என்றான். “மத்தியானம் ஒரு லோடு கீது.”

ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் மாமியார் முத்தம்மாளைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களின் குரல் சட்டென்று தணிந்தது. அகல்யாவின் புருஷன் தமிழரசு இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அரசு ஆஸ்பத்திரி பிணவறையில் கிடந்தான். பிரேதப் பரிசோதனை முடியவில்லை என்று, அங்கே காத்திருக்கும் அகல்யாவின் தம்பி கௌதம் இப்போதுதான் போன் செய்திருந்தான். தமிழரசுவைக் கொன்ற வண்டி அதற்குள் லோடு ஏற்றப் புறப்பட்டுவிட்டது.

அகல்யா பம்பரிலிருந்து கையை எடுக்கவில்லை. எஞ்சினின் நடுக்கம் அவள் முழங்கை வரை ஏறியது. “உங்க மொதலாளிய கூப்புடு,” என்றாள்.

சம்பத் தமிழரசுவின் அண்ணன். சேக்காட்டில் அவர்கள் குடும்பத்து நிலம் அடுக்குமாடிக் குடியிருப்பாக ஆன பிறகு, அவன் லோடு வண்டிகள் வாங்கி வாடகைக்கு விட்டான். அதில் மிகப் பழையது இந்த வெள்ளை பிக்கப். தம்பிக்கு அதைத்தான் கொடுத்தான். சம்பத் காரில் போவான், காரில் வருவான். தன் வண்டிகளில் ஏறி உட்கார்ந்து பல வருடங்கள் ஆகியிருக்கும்.

ஆடி மாதத்தில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. நேராகப் போனால் வராது. வலது பக்கம் திரும்பினால் வராது. வேகத்தடையில் ஏறி இறங்கிய கையோடு இடது பக்கம் ஒடித்தால் மட்டும், அடியில் யாரோ முட்டியால் தட்டுவது போல ஒரு ‘டொக்’. ஒரே ஒரு தடவைதான். தமிழரசு முதலில் சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஜாக்கி உருள்கிறது என்று நினைத்து, அதைப் பழைய லுங்கியில் சுற்றிக் கட்டினான். சத்தம் வந்தது. சைலன்சர் கிளாம்பை இறுக்கினான். வந்தது. ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ்ஷைத் தானே வாங்கி மாற்றினான். இரண்டு நாள் இல்லாமல் இருந்தது. குழந்தை போலச் சிரித்துக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் திருவேற்காடு கோயில் அருகே திரும்பும்போது மறுபடியும் ‘டொக்’.

சம்பத் வழக்கமாக வண்டி விடும் சென்னீர்குப்பம் பட்டறையில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். “ஒருக்கா வந்து ஒக்காந்து கேளு அண்ணா,” என்று தமிழரசு கெஞ்சினான். சம்பத் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில், சாப்பாட்டுப் பந்தியில், எல்லோர் முன்னிலும் சொன்னான்: “இவனுக்கு மட்டும் ஒரு சத்தம் கேக்குதாம்பா. வேலைக்கு டிமிக்கி குடுக்கற சத்தம்.” பந்தியே சிரித்தது. தமிழரசுவும் கூடச் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நேற்றுச் சாயங்காலம் அவனே பார்த்துவிடுவது என்று இறங்கினான். வண்டியை வாசலில் நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து ஹாலோ பிளாக் கற்களை எடுத்துவந்து முட்டுக் கொடுத்தான். “கல்லு தாங்குமா?” என்று அகல்யா கேட்டாள். “அஞ்சு நிமிசம்டி. நீ ஏறி ஸ்டியரிங்க அந்தாண்ட இந்தாண்ட ஆட்டு. எங்கேர்ந்து வருதுன்னு நான் காது வெச்சுக் கேக்குறேன்,” என்றான். அவள் ஏறினாள். ஆட்டினாள். “இன்னும் லெஃப்ட்ல,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. இடது பக்கம் ஒடித்தாள். கல் உடைந்த சத்தம் கேட்டது. சீட்டோடு சேர்ந்து அவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள். கீழேயிருந்து அதன் பிறகு குரல் வரவில்லை.

தெருவே கூடி வண்டியைத் தூக்கியது. ராத்திரியே போலீஸ்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். காலையிலிருந்து சம்பத் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்: “எவன் இவன அடியில போ சொன்னது? இல்லாத சத்தத்துக்கு உசுர உட்டான்.” உள்ளே உட்கார்ந்திருந்த அகல்யாவின் காதில் அது ஒவ்வொரு தடவையும் விழுந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதே அவளுக்கு அந்த வாக்கியத்தை வைத்துத்தான் தெரிந்தது.

இப்போது அவன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டபடி வந்தான்.

“இன்னா அகல்யா இது? எல்லாரும் பாக்குறாங்க. உள்ள போம்மா.”

“லோடு ஏத்தப் போவுதா வண்டி?”

“ஏற்கனவே ஒத்துக்கின லோடு. கல்யாண ஊட்டு சாமான். அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?”

“எனக்கு இன்னா பதில் சொல்லப் போற மாமா?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “எனக்கு மட்டும் வலி இல்லியா? என் ரத்தம்மா அவன்.”

“சந்தோஷு, எறங்கு,” என்றாள் அகல்யா. அவன் இந்த முறை இறங்கிவிட்டான். அவள் மறுபக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். நேற்று உடுத்திய அதே புடவை. முந்தானையில் காய்ந்துபோன கறை இருந்தது. “மாமா, ஏறு. நீ ஓட்டு.”

“பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?”

“ஒருக்கா ஒக்காந்து கேளுன்னு அவரு எத்தினி வாட்டி கேட்டாரு? இப்ப நான் கேக்குறேன். ஏறலைன்னா, அவரு வந்தப்புறமும் இந்த சீட்ட உட்டு நான் எறங்க மாட்டேன்.”

பெண்கள் எழுந்து வந்தார்கள். துக்க வீட்டில் தாலி கட்டிக்கொண்டவள் வண்டியேறிப் போவதா என்று ஒருத்தி வாயில் கை வைத்தாள். முத்தம்மாள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “அகல்யா, வாணாம்மா. அவன் பெரியவன்மா,” என்றாள்.

“நீங்க சும்மா இருங்க அத்தை.” கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமியாரிடம் அப்படிப் பேசியதில்லை.

நாற்காலிகளில் இருந்தவர்கள் தன்னையே பார்ப்பதைச் சம்பத் பார்த்தான். பிறகு ஏறினான்.

தெருமுனையில் இடது பக்கம் திரும்பினான். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தெருவிலும் இல்லை. அவன் தோள் தளர்ந்தது. “எங்க?” என்றான். “எங்கம்மா சத்தம்?”

“மாடு மேய்க்கற மாதிரி போனா வராது. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கி ஒடி. லோடு ஓட்டறவன் ஓட்டற மாதிரி ஓட்டு.”

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை இருந்தது. அதைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு சந்து. சம்பத் வேகமாக ஏற்றினான்; கோபத்தில் தேவைக்கு மேலேயே வேகமாக ஏற்றினான். முன்சக்கரம் இறங்கியது. ஒடித்தான்.

டொக்.

அவன் கால் தானாக ஆக்சிலேட்டரிலிருந்து எழுந்தது. வண்டி சந்தின் வாயிலில் ஊர்ந்து நின்றது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“பழைய வண்டின்னா...” என்று ஆரம்பித்தான்.

“இன்னொரு வாட்டி போ.”

போனான். டொக். சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் போனான். டொக். அகல்யா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழரசுவுக்கு இருந்த அதே மூக்கு, அதே தாடை. அந்த முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. கையை மடியில் அழுத்திக்கொண்டாள். ஒரு சத்தத்தின் பின்னால் இப்படி அலைந்த தமிழரசுவையும் அறைய வேண்டும் போல இருந்தது. சாவியை அண்ணன் மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்திருக்கக் கூடாதா? பந்தியில் எதற்குச் சிரித்தான்?

சம்பத் வண்டியை ஓரமாக நிறுத்தினான். எதிரே பார்த்தபடியே சொன்னான்:

“நீதான ஸ்டியரிங்க ஆட்டுன?”

“ஆமா,” என்றாள். “நான்தான் ஆட்டுனேன். லெஃப்ட்ல ஆட்ட சொன்னாரு, ஆட்டுனேன். சாவுற வரைக்கும் அது என்னோட கெடக்கும், அத நீ எனக்கு சொல்ல வாணாம். இந்தப் பக்க சீட்டுல யாரு ஒக்காந்துருக்கணும்? காது குடுத்து யாரு கேட்ருக்கணும்? நீ ஒரே ஒருக்கா வந்து ஒக்காந்துருந்தா அவரு இன்னாத்துக்கு அடியில போறாரு?” அவள் குரல் உடைந்து கத்தலானது. “வண்டிய ஊட்டுக்கு உடு. இன்னான்னு பாத்துட்டுத்தான் மறுவேலை.”

வண்டி வீட்டு வாசலில் நின்றதும், “அடியில பாக்கணும்,” என்றாள் அகல்யா. சந்தோஷ் தானாகவே ஓடிப்போய், தெருமுனை பஞ்சர் கடையிலிருந்து சக்கரம் வைத்த பெரிய ஜாக்கியையும் இரும்பு ஸ்டாண்டையும் இழுத்து வந்தான். சேஸிஸில் ஜாக்கியை வைக்கப் போனான்.

“அங்க இல்ல,” என்றாள் அகல்யா. “கீழ ஆர்ம்ல வை. அவரு நேத்து அதத்தான் சொல்லிகினு இருந்தாரு. சேஸிஸ்ல தூக்குனா ஸ்பிரிங்கு ஜாயின்ட்ட அழுத்திப் புடிச்சுகினு கீது, ஆட்டம் தெரியாது. ஆர்ம்ல தூக்கணும்னா சின்ன ஜாக்கி நிக்காதுன்னாரு. அதான் அடியில போயி பாக்குறேன்னாரு.”

சந்தோஷ் வலது முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கரத்துக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளித் தூக்கினான். சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. ஸ்டாண்டைச் செருகி, கடப்பாரையை எடுத்து டயருக்கு அடியில் கொடுத்தான்.

“நீ வுடு. மாமா பண்ணட்டும்.”

சம்பத் கடப்பாரையை வாங்கினான். வெள்ளைச் சட்டையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெம்பினான். வண்டி அசையவில்லை. சக்கரம் மட்டும் தனியாக மேலே எழும்பி இறங்கியது. டொக். ஷாமியானா வரைக்கும் அது கேட்டது. நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அந்தப் பந்தியில் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

சந்தோஷ் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தான். “பால் ஜாயின்ட்டு அண்ணே. கீழது. ரப்பர் கிழிஞ்சு உள்ள எல்லாம் தேஞ்சு போயிருக்கு. சக்கரத்த புடிச்சுகினு இருக்கறதே இதுதான். லோடோட ஹைவேஸ்ல போறப்ப கழண்டுகினா...” அவன் முடிக்கவில்லை. இன்று மத்தியானம் அதை ஓட்டியிருக்க வேண்டியவன் அவன்தான்.

அகல்யா சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். கிழிந்த ரப்பரிலிருந்து கிரீஸ் வழிந்து, மண்ணோடு கலந்து கறுப்பாக அப்பியிருந்தது. அந்தக் குமிழைத் தொட்டாள். எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. விரல்களால் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“ஒரு வார்த்தை சரியா வெளங்க சொல்லியிருந்தான்னா...” என்றான் சம்பத், யாரையும் பார்க்காமல்.

“சொன்னாரு,” என்றாள் அகல்யா.

சம்பத் கடப்பாரையைக் கீழே வைத்தான். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் வந்து நின்றது. தூக்கி நிறுத்திய வண்டியைத் தாண்டி அதனால் உள்ளே வர முடியவில்லை. அங்கேயே பின்கதவைத் திறந்தார்கள். கௌதம் முதலில் இறங்கினான். ஆண்கள் ஓடினார்கள். சம்பத்தும் ஓடினான். வெள்ளைத் துணியில் சுற்றிய உடலை ஸ்ட்ரெச்சரோடு இழுத்தபோது, தலைமாட்டுப் பிடிக்கு அவன் கையை நீட்டினான்.

அகல்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடியிலிருந்து எடுத்துவிட்டாள். அவன் எதிர்க்கவில்லை. அந்தப் பிடியை அவளே பிடித்தாள். கனம் தோளை இழுத்தது. தலைமாட்டின் மறுபிடியில் கௌதம். கால்மாட்டில் சந்தோஷும் பக்கத்து வீட்டுக்காரரும். பிக்கப்புக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் ஒருக்களித்து நுழையும்போது ஸ்ட்ரெச்சர் ஆடியது. உடல் நழுவாமலிருக்க அவள் இன்னொரு கையால் தமிழரசுவின் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் இறக்கிவைத்தார்கள். அழுகை எழுந்தது. நெஞ்சுக்கு மேலே, வெள்ளைத் துணியில், அவளுடைய ஐந்து விரல்களும் கிரீஸ் கறுப்பாகப் பதிந்திருந்தன. ஒரு பெண் உள்ளே போய் ஈரத் துணி கொண்டுவந்து, துடைப்பதற்காகக் குனிந்தாள்.

முத்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்,” என்றாள்.