மலக்கி மூடிய கதவு

சவப்பெட்டி கொல்லை வாசலில் சிக்கிக்கொண்டது. தலைப்பக்கம் முற்றத்துக்குள், கால்பக்கம் சந்தில். டோலின் ஆட்கள் சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், நிமிர்த்தியும் பார்த்தார்கள். வடக்கு பெல்ஃபாஸ்டில் இந்த வரிசை வீடுகளைக் கட்டியவன் கொல்லை வழியாகக் கரி மூட்டை வரும் என்று நினைத்திருப்பான். பெட்டி வரும் என்று நினைத்திருக்க மாட்டான்.

"வெறும் பெட்டியே வரல. நாளன்னைக்கு உங்கப்பாவையும் வச்சு எப்படிக்கா வெளிய எடுக்கிறது?" என்று ப்ரோனாவிடம் கேட்டான் டோல். மூன்று தலைமுறையாகச் சவ அடக்கத் தொழில். எந்த வீட்டில் எதைக் கேட்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். "முன்கதவு..." என்று ஆரம்பித்தவன் அதோடு நிறுத்திக்கொண்டான்.

முன்கதவு திறந்து நாற்பத்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது ப்ரோனாவுக்கு ஒன்பது வயது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. படுக்கையில் கிடந்த தாத்தாவுக்கு நற்கருணை அப்பம் கொடுக்கப் பாதிரியார் வரும் நேரம். அதை ஏந்தி வருகிறவரிடம் பேசக் கூடாது. எரியும் மெழுகுவத்தியோடு, யாரென்று கேட்காமல், கதவைத் திறந்து ஒதுங்கி நிற்க வேண்டும். கதவு தட்டப்பட்டது. அம்மா டிம்ப்னா அப்படியே திறந்து ஒதுங்கி நின்றாள். வந்தவர்கள் இரண்டு பேர், முகமூடியோடு. பேக்கரி வேலைக்குக் கிளம்பி, படிக்கட்டில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த கோர்மக்கை, ப்ரோனாவின் அண்ணனை, அங்கேயே சுட்டுவிட்டுப் போனார்கள். அவன் எந்தக் கும்பலிலும் இல்லை. கத்தோலிக்கன், கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் மோதல் நடந்த அந்த வருடத்தில் சுடுவதற்கு அது போதுமாக இருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அப்பா மலக்கி கதவின் குறுக்கே ஒரு பலகையை வைத்துத் திருகாணி போட்டார். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இன்று விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார். மாடிக் கட்டிலில் கிடக்கிறார்.

அம்மா சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ப்ரோனா விஷயத்தைச் சொன்னதும் நிமிராமலே, அடக்கம் வரை அப்பாவை டோலின் மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"ரெண்டு நாள் முன்னபின்ன தெரியாத பொணங்களோடயா? அப்பா சொந்த வீட்டுல இருக்க வேண்டாமாம்மா?"

"அவர் மூடுன கதவுடி. யார் திறந்துவிட்டதால மூடினார்னு உனக்குத் தெரியும். அதை நான் மறுபடி திறக்கச் சொல்லவா?"

எண்பத்து மூன்று வயதுக் கை அடுத்த ரொட்டித் துண்டை எடுத்தது. ப்ரோனா இழுப்பறையைத் திறந்து திருப்புளியை எடுத்தாள். "நீ வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

ஆறு திருகாணிகள். துருப்பிடித்து இறுகியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். முதலாவது சுலபமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். பலகையை இறக்கி வைத்தபோது விரலெல்லாம் கருப்பு மசகு. தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நகர்ந்தது. கீல்கள் எண்ணெய் ஈரத்தில் பளபளத்தன, போன வாரம் போட்டது போல. வாசனை தெரிந்த வாசனைதான். இந்த வீட்டில் தையல் மிஷினே கிடையாது, ஆனாலும் அப்பா மிஷின் எண்ணெய் வாங்கிப் பாத்திரத் தொட்டிக்கு அடியில் வைத்திருப்பார்.

பின்னால் அம்மா வந்து நின்றிருந்தாள். கீலைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தாள்.

"பத்து மணிப் பூசை," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசைக்கு அம்மா எப்போதும் தனியாகத்தான் போவாள். அந்த நேரம் அப்பா வீட்டில் தனியாக இருந்துவிட்டுச் சாயங்காலப் பூசைக்குப் போவார்.

"என்கூட நடக்கவே பிடிக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ப்ரோனாவுக்கு அழுகையோடு ஆத்திரமும் வந்தது. கீலுக்குப் போட்ட எண்ணெயை நாக்குக்கு ஒரு சொட்டு போட்டிருந்தால் என்னவாம் என்று மாடியைப் பார்த்துக் கத்தலாம் போலிருந்தது. கத்தி என்ன பயன்? கதவை இழுத்தாள். தெருவின் குளிர் உள்ளே வந்து படிக்கட்டு வரை போயிற்று. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது.

டோலின் ஆட்கள் பெட்டியைச் சந்துக்கே பின்னோக்கி இழுத்து, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் அம்மா சமையலறைக்குள் போயிருந்தாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது, தீக்குச்சி உரசும் சத்தமும் கேட்டது.

டோல் வாசற்படியில் தொப்பியைக் கழற்றினான். "வரலாமா டிம்ப்னாம்மா?"

அம்மா பேசவில்லை. மெழுகுவத்திச் சுடரை உள்ளங்கையால் காற்றுக்கு மறைத்துக்கொண்டு, சுவரோடு ஒதுங்கி நின்றாள்.